மேல் லயத்து இருபத்திரண்டு டப்பாக்கள்

குயில்மலைத் தோட்டம், மேல் பிரிவு,
மஸ்கெலியா.
4.8.1957

டாக்டர் பிள்ளை நாகலெட்சுமிக்கு, டிஸ்பென்சரி ஆயா வேலாயி எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் மறந்து விட்டுப்போன மழைக்கோட்டு எங்கு தேடியும் காணோம் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். முன்பக்கம் பொத்தான் எட்டவில்லை. ஆனாலும் அதோடு கோயிலுக்குப் போனால் கணக்கப்பிள்ளை சம்சாரமே திரும்பிப் பார்க்கிறாள். "பட்டணத்துலேருந்து வந்துச்சு" என்கிறேன். அது பொய்யில்லையே.

இங்கே மழையும் நானும் சுகம். அங்கே வெயிலும் நீங்களும் சுகமா?

நீங்கள் நாலு பேரும் போனபிறகு டிஸ்பென்சரி கல்யாணம் முடிந்த வீடு மாதிரி கிடக்கிறது. நீங்கள் பூதக்கண்ணாடி வைத்திருந்த மேசையை டிஸ்பென்சர் இராமையா ஐயா இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார். நான் அதில் வெந்நீர்ப் போத்தலை வைத்தால் கோபம் வருகிறது. ஊசிக்குப் பயந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒளிந்தாரே செல்லசாமிக் கங்காணி, அவர்கூட "அந்தப் புள்ளைங்க கை பஞ்சு மாதிரி" என்று சொல்லித் திரிகிறார். ஊசி குத்தியபோது அவர் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். தபாலில் எடுக்க மாட்டார்கள்.

கீழ் லயத்து வீட்டு வரிசை மூன்றிலும் பூச்சி மருந்து குடித்தவர்களுக்கு முகத்தில் இரத்தம் தெரிகிறது. எங்கள் மேல் லயத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. பூச்சியே இல்லாத லயம் என்று நீங்கள் எழுதிக்கொடுத்துவிட்டீர்களே! ஐயா அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தினமும் அதற்குக் கீழேதான் கூட்டிப் பெருக்குகிறேன்.

என் தம்பி அழகுமுத்துவின் சம்சாரம் மீனம்மாவை நினைவிருக்கிறதா? முதல் நாள் உங்கள் மடியில் தேத்தண்ணீரைக் கொட்டினாளே, அவள்தான். இப்போதெல்லாம் மலை ஏறும்போது இரண்டு இடத்தில் உட்காருகிறாள். போன கிழமை டிஸ்பென்சரிக்கு வந்து, "எனக்கும் கொஞ்சம் அந்த மருந்தக் குடுங்களேன், மதினி" என்றாள். "ஒனக்குப் பூச்சி இல்லடி, சோம்பல். அதுக்கு மருந்து சீமையிலயே இன்னும் கண்டுபிடிக்கல" என்றேன். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரு சின்னச் சந்தேகம். எங்கள் லயத்துக் கணக்கை உங்கள் அறிக்கையில் போடத்தான் வேண்டுமா? மற்ற மூன்று லயத்தை மட்டும் போட்டால் அறிக்கை மெலிந்துவிடுமா? சும்மாதான் கேட்டேன்.

உங்கள் கோட்டுக்குள்ளிருந்து,
வேலாயி


மாணவியர் விடுதி,
சென்னை.
21.8.1957

அன்புள்ள வேலாயி அக்காவுக்கு,

கோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை என்ற சொல்லைப் பஞ்சாங்கத்தில் மட்டுமே பார்க்கிறோம். உங்கள் கடிதத்தை விடுதியில் உரக்கப் படித்தேன். எங்களோடு அங்கே வந்த கணேசமூர்த்தியிடமும் கல்லூரியில் காட்டினேன். கங்காணி சொன்ன வார்த்தை என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

அக்கா, மே மாதம் தனுஷ்கோடியில் கப்பல் ஏறியபோது எங்கள் நாலு பேருக்கும் உள்ளூர நடுக்கம். மருத்துவப் படிப்பு முடியவே இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. விடுமுறை ஆறு வாரத்தில், தெரியாத நாட்டில், யாருக்கு என்ன செய்துவிடப் போகிறோம் என்று. மலச் சோதனைக்கு வீடு வீடாக டப்பா கொடுத்து, மறுநாள் விடியுமுன் அதைத் திரும்ப வாங்கி வருவது எங்களால் ஆகிற காரியமா? கீழ் லயங்களில் பாதி டப்பாக்கள் காலியாக வந்தபோது நான் அழுதேவிட்டேன். அப்போது நீங்கள், "எங்க லயத்த எங்கிட்ட விடுங்க" என்று சொல்லி, மறுநாள் காலையில் இருபத்திரண்டு களிம்பு டப்பாக்களையும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தீர்களே, அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உங்கள் லயம் இல்லாமல் அறிக்கையே இல்லை! கீழ் லயங்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குக் கொக்கிப்புழு. அதே மலை, அதே வேலை, மேல் லயத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. எங்கள் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கல்லூரி மண்டபத்தில் நான் அதை வாசிக்கப் போகிறேன். மேல் லயத்துப் பெண்கள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள், என்ன செய்கிறார்கள் என்று நீங்களே உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி மேடையில் வாசிப்பேன்.

மீனம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவருக்குச் சத்துக் குறைவாக இருக்கலாம். கீரை சாப்பிடச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
நாகலெட்சுமி


குயில்மலைத் தோட்டம்.
15.9.1957

டாக்டர் பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. அரிசி டின்னுக்குள் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் மலையில் மீனம்மா விழுந்துவிட்டாள். கூடை நிறையக் கொழுந்து, மேலே மழை. நின்ற இடத்திலிருந்து மூன்று தேயிலை நிரை கீழே உருண்டு வந்து கிடந்தாள். கம்பளியில் கட்டித் தூக்கிவந்து, கொழுந்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டிஸ்பென்சர் ஐயாவும் வந்தார். அங்கே பெரிய டாக்டர் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. சோதித்துவிட்டு வயிறு நிறையப் பூச்சி என்றார். இரத்தத்தையெல்லாம் அதுதான் குடித்திருக்கிறதாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். ஐயா, "அது பூச்சி இல்லாத லயம், சேர், சென்னை டாக்டர்மார் சோதித்திருக்கிறார்கள்" என்று பெருமையாகவே சொன்னார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவர்களின் செருப்பைக் கூட வந்தவர்கள் கையில் வைத்திருப்பார்கள். மீனம்மாவுக்குச் செருப்பு கிடையாது. கையில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றேன்.

நாகு, மேல் லயத்துப் பெண்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அவர்கள் தப்பிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு டப்பாவும் நான்தான்.

அன்று சாயங்காலம் வாசல் வாசலாக டப்பா கொடுத்தேன். எல்லாவற்றிலும் நீங்கள் முத்து முத்தாகப் பெயர் எழுதி ஒட்டியிருந்தீர்கள். அதுதான் வினையாகப் போனது. ஒருத்தியும் தொடவில்லை. அழகம்மா கும்பிட்டே விட்டாள். "வெட்டுன நகத்தக்கூட மண்ணுல பொதைக்கிறோம். இத, பேரெழுதிப் பூட்டி ஊரான் கையில குடுக்கச் சொல்றீங்களே! எவனாவது எடுத்துச் செய்வின வச்சா எம்புள்ளைக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்றாள். மீனம்மாவுக்கு வேறு பயம். "பேரு போட்ட டப்பாவத் தூக்கிக்கிட்டு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்து வழியாவா போறது? மாமனாரு நிப்பாரு, கணக்கப்பிள்ள நிப்பாரு" என்றாள். இருபத்திரண்டும் போன மாதிரியே திரும்பி வந்தது.

நீங்கள் கீழ் லயத்துக்கு அழுததைப் பார்த்திருந்தேன். கணேசமூர்த்தித் தம்பி, "இந்த ஜனங்கள் இப்படித்தான்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. எங்கள் சனத்தைக் காட்டுச்சனம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கப்பல் ஏறிவிடக் கூடாது என்று வீம்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். எப்படிச் சாமர்த்தியம் வந்தது என்று கேட்காதீர்கள். பூச்சி வெறுங்கால் வழியாகத்தானே ஏறும், எனக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த சப்பாத்து இருக்கிறது. வருஷா வருஷம் ஐயா மருந்தும் கொடுக்கிறார். எனக்கு எப்படிப் பூச்சி இருக்கும்?

பூச்சி இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் பார்ப்பீர்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதை வைத்து மருந்தை நிறுத்துவார்கள் என்று தெரியாது. நிறுத்தியபிறகு தெரியும். தெரிந்தபிறகுதான் மீனம்மா வந்து கேட்டாள். அப்போதுதான் அவளைச் சோம்பல் என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

ஐயாவிடம் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் மற்ற இருபத்தொரு பேரும் ஒவ்வொருத்தியாக மலையிலிருந்து உருள்வார்கள். இதில் எது பெரிது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து நாளாகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

வேலாயி


சென்னை.
2.10.1957

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே டிஸ்பென்சர் ஐயாவுக்கு எழுதிவிட்டேன். மேல் லயத்து முடிவு தவறு, எங்கள் கையில் டப்பாக்கள் மாறிவிட்டன, அந்த லயம் முழுவதையும் புதிதாகச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும் என்று. உங்கள் பெயர் அதில் இல்லை. இருக்கவும் வேண்டாம். பழி எங்களோடு போகட்டும். நாங்கள் கடலுக்கு இந்தப்பக்கம் இருக்கிறோம். எங்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்தப் போவதில்லை.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அன்று மேல் லயத்து டப்பாக்களை, நீங்கள் பூதக்கண்ணாடி என்கிற மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நான். ஆறாவது பார்க்கும்போதே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, நீங்கள் குரக்கன் என்கிற கேழ்வரகின் உமி கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே உமி. உங்கள் லயத்தில் எல்லோரும் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள். குரக்கன் ரொட்டி சாப்பிடுகிறவர் நீங்கள் ஒருவர்தான். தினமும் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டீர்கள். கணேசமூர்த்தியும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ சரியில்லை, அக்காவிடம் கேள்" என்றான். "ஒரே லயம், ஒரே சாப்பாடு, வேறென்ன இருக்கும்" என்று அவன் வாயை அடைத்தேன். பத்தாவதுக்குப் பிறகு நான் சரியாகப் பார்க்கவே இல்லை. "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதிக்கொண்டே போனேன். அந்தக் கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது, அக்கா.

நீங்கள் உங்கள் சனங்களின் மானத்துக்காகச் செய்தீர்கள். நான் யாருக்காகச் செய்தேன்?

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சந்தேகம் வந்ததா?" என்று மட்டும் கேட்டார். வந்தது என்றேன். அவர் தன் புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்தேன். பன்னிரண்டாம் தேதி கணேசமூர்த்தி கீழ் லயங்களைப் பற்றி மட்டும் வாசிப்பான். நான் மண்டபத்தில் இருக்க மாட்டேன்.

ஆறு வாரம் அங்கே இருந்தேன். எத்தனையோ கேள்வி கேட்டேன். டப்பாவில் பெயர் எழுதலாமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. மீனம்மாவைக் கீரை சாப்பிடச் சொன்னேன்.

பதில் எழுத மனம் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் எனக்குப் புரியும்.

நாகலெட்சுமி


குயில்மலைத் தோட்டம்.
3.11.1957

என் நாகுப் பிள்ளைக்கு,

மனம் வந்தது. நேரம்தான் வரவில்லை. காரணம் கீழே வருகிறது.

உங்கள் கடிதத்தை டிஸ்பென்சர் ஐயா தன்னோடு வைத்துக்கொள்ளாமல், வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், இருநூறு பேருக்கு நடுவில் சத்தமாகப் படித்துவிட்டார். சனங்களுக்கு உண்மை தெரிய வேண்டுமாம். படித்து முடித்ததும் செல்லசாமிக் கங்காணிக்குக் கொண்டாட்டம். "டப்பா எது டப்பான்னு தெரியாத புள்ளைங்க! நாளைக்கு ஆளு எது ஆளுன்னு தெரியாம வயித்தக் கிழிக்கும்!" என்றார். பெரட்டுக் களமே சிரித்தது. கடலுக்கு அந்தப்பக்கம் இருப்பதால் உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"கங்காணியாரே, அந்தப் புள்ளைங்க மாத்தல. மாத்துனது நானு" என்றேன்.

"நீ என்னத்த மாத்துன?"

"இருவத்திரெண்டு டப்பாவும் என்னோடதுதான்."

"டப்பாவா?"

"டப்பாவுக்குள்ள இருந்தது."

கடைசி வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி, "ஒரே நாள்லயா?" என்றாள். பிறகு கேட்க வேண்டுமா? கணக்கப்பிள்ளை பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். இந்தத் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷமாக எல்லோரையும் கேலி பண்ணி வந்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து அன்று ஒரே தவணையில் திரும்ப வந்தது. நின்று வாங்கிக்கொண்டேன்.

மீனம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இலகு வேலை கேட்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்துவிட்டுக் கேட்டாள்.

"நா வந்து மருந்து கேட்டன்ல, மதினி. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்டி" என்றேன்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இருமினால்கூட, நான் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் இருமுகிறாள்.

டிஸ்பென்சர் ஐயா சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிடமும் சொன்னார், சொல்ல வேண்டியதுதானே. எனக்கு இரண்டு மாதம் டிஸ்பென்சரி வேலை கிடையாது, மலைக்குப் போகிறேன். நனைந்த கூடை இவ்வளவு பாரம் என்று மறந்தே போயிருந்தேன். சப்பாத்தை ஐயா திரும்ப வாங்கவில்லை. நானாகக் கழற்றி வைத்துவிட்டேன். மற்றவர்கள் வெறுங்காலோடு ஏறும்போது அது மட்டும் சத்தம் போடுகிறது.

டப்பா விஷயம் கேளுங்கள். புதிதாகக் கொடுக்கும்போது பெயர் எழுத வேண்டாம் என்று ஐயாவிடம் கெஞ்சினேன். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் தெரிந்த அடையாளமாக ஒன்றை மூடியில் ஒட்டிக்கொள்ளட்டும் என்றேன். ஒருத்தி புளியங்கொட்டை, ஒருத்தி ரவிக்கைப் பொத்தான், அழகம்மா வளையல் துண்டு. மூக்குத்தித் திருகாணியை ஒட்டிய ஒருத்தி இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வாங்குவதும் பெரட்டுக் களத்து வழியாக இல்லை. பிள்ளைக் காம்பராவில் ஒரு கூடை வைத்தோம். பிள்ளையை விடப் போகிறவள் டப்பாவையும் விட்டுவிட்டுப் போகலாம். யார் வைத்தது என்று யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டும் நிறைந்து வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்ததில் பத்தொன்பது டப்பாவில் பூச்சி. உங்கள் கையால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மேல் லயம், பத்தொன்பது.

நாகு, நீங்கள் உமியைப் பற்றி எழுதியதை மூன்று தரம் படித்தேன். உங்களைச் சமாதானம் பண்ணத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் நான் அன்றே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நிச்சயமாகத் தெரியாது. சிரித்து மழுப்பியிருப்பேனோ என்னவோ. ஆகவே இரண்டு பேரும் ஒரே தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம். மண்டபத்துக்குப் போகாமல் இருந்தீர்களே, அடுத்த வருஷம் போங்கள். போய்ப் பத்தொன்பதை வாசியுங்கள். என் பெயரையும் சொல்லலாம். இருநூறு பேருக்குத் தெரிந்துவிட்டது, இனி சென்னைக்குத் தெரிந்தால் என்ன?

மருந்து கொடுத்தது போன ஞாயிற்றுக்கிழமை. முதலில் பூச்சி மருந்து, பிறகு பேதி உப்பு. பெண்களுக்குப் பயம். "அன்னைக்கு எங்களுக்காக நீ குடுத்தீல்ல, இன்னைக்கு எங்களுக்காக நீ குடி" என்று அழகம்மா சொல்லிவிட்டாள். நியாயம்தானே. எனக்குத் தேவையில்லாத மருந்தை எல்லோருக்கும் முன்னால் நான் முதலில் குடித்தேன். பிறகு அவர்கள் குடித்தார்கள். மீனம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தாகிவிட்டது. அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் லயத்தில் கக்கூஸ் நாலு. மருந்து குடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். இதை டிஸ்பென்சர் ஐயா யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

முதலில் குடித்தவள் என்பதால் முதலில் போனதும் நான்தான். ஒன்பதரை மணி இருக்கும். பெரிய தொரை, கொழும்பிலிருந்து வந்த இரண்டு தொரைமாருக்கு லயத்துச் சுகாதாரத்தைக் காட்டுவதற்காக அந்த வழியே கூட்டி வந்தார். வெளியே அழகம்மா அவசரத்தில் என் கதவை இழுத்தாள். கதவு கீலோடு கழன்று வெளிப்பக்கமாக விழுந்தது. பெரிய தொரை தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங்" என்றார். நானும் சொன்னேன். மற்ற இரண்டு தொரைமாரும் மலையைப் பார்த்தார்கள்.

மீனம்மா எழுந்து வந்து கதவைத் தூக்கி, இருந்த இடத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் வாங்க, மதினி. கதவு பாரமா இருக்கு" என்றாள்.

தச்சாசாரி வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வேலாயி